சத்திரமும் சலுகையும்

'உல்லாசப் பிரயாணி' என்று ஒரு சொல் இருந்தது. என் பாட்டனார் கட்டி வைத்துவிட்டுப் போன பழைய பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் அதைக் காணலாம். இப்போது நாம் 'சுற்றுலாப் பயணி' என்று எழுதுகிறோம். சொல் போய்விட்டது, ஆனால் அதிலிருந்த உல்லாசம் மட்டும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. சுற்றுலாத் தொழில் நொடித்துக் கிடக்கிறது, சர்க்கார் கைகொடுக்க வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "ஊர் சுற்றுகிறவனுக்கு நம் வரிப்பணமா? ஆஸ்பத்திரிக்கு மருந்து இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, இவர்களுக்கு உல்லாசம் கேட்கிறதா?" என்று ஒரு கூட்டம் சீறி எழுகிறது.

நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அதனால் அந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி தவறான ஆளைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்பதை, மாமல்லபுரத்தில் ஒரு பெரியவர் எனக்குப் புரியவைத்தார்.

கொள்ளை நோயின் கெடுபிடி தளர்ந்து ஊர்கள் திறந்துகொண்டிருந்த சமயம். என் மனைவி, தங்கையின் குழந்தைகள் இருவர், நான் எல்லோருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையுமாக ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும்.

"சார், குழந்தைங்களுக்குக் கதை சொல்லட்டுங்களா? நீங்க இஷ்டப்பட்டதைக் குடுங்க" என்றார்.

எழுத்தாளனுக்கே கதையா என்று ஓர் அசட்டுக் கர்வம் எனக்கு. இருந்தாலும் தலையாட்டினேன். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பாறைகள் பேசின. பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுவதைச் சொன்னார். யானைகளின் காலடியில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் செய்கிறதே, அதைக் காட்டினார். "பாருங்க கண்ணுங்களா, பூனையார் தவசி வேஷம் போட்டுட்டாரு. எலியெல்லாம் நம்பிக் கிட்ட வந்து நிக்குது" என்றார். குழந்தைகள் சிரித்து ஓய்வதற்குள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது அவர் கதையைச் சொன்னார். 2020 மார்ச் 17-ஆம் தேதி தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களை நாடு முழுவதும் மூடினார்கள். அன்றைக்கு அவர் கையில் இருந்தது இரண்டு நாள் சம்பாத்தியம். இரண்டு மாதம் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளியாகப் போய்ச் சேர்ந்தார். முப்பது வருஷம் பல்லவர்களைப் பற்றிப் பேசிய வாய், கேட்டுக்கு வெளியே நிற்கிற காரின் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

"சர்க்கார் உங்களுக்கெல்லாம் கடன் கொடுத்ததே?" என்று கேட்டேன்.

"ஒரு லட்சம் வரைக்கும் தர்றோம்னாங்க சார். வேண்டாம்னு சொல்லலே. ஏற்கெனவே வாங்கின கடனை அடைக்க இன்னொரு கடன்; அதையும் வாங்கிடலாம். ஆளே வராத ஊர்ல அதை எதை வச்சு சார் அடைக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எந்த நிபுணராவது விடை வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. என்னிடம் இல்லை.

இனி, கணக்குக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுப் பிரயாணிகள் ஒரு கோடியே 9 லட்சம் பேர். 2020-இல் அது 27 லட்சமாயிற்று. 2021-இல் 15 லட்சம். வேறு எந்தத் தொழிலாவது இரண்டே வருஷத்தில் இப்படி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கினால், அதைப் பஞ்சம் என்போம். இங்கே மட்டும் 'உல்லாசம் குறைந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

இந்தத் தொழிலின் தன்மையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நெல் விலை போகாவிட்டால் குதிரில் கொட்டி வைக்கலாம். துணி விற்காவிட்டால் மடித்து வைத்துத் தீபாவளிக்கு விற்கலாம். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளை இரவு சேர்த்து விற்க முடியுமா? இன்று ஓடாத படகு நாளைக்கு இரண்டு மடங்கு ஓடுமா? போனது போனதுதான். வியாபாரம் என்றால் லாப நஷ்டம் சகஜம், சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சந்தை சரியாகும் வரை சந்தையிலிருந்த மனிதன் காத்திருப்பதில்லை. அவன் காவல் வேலைக்குப் போய்விடுகிறான். அவனோடு அந்தப் பூனைக் கதையும் போய்விடுகிறது.

ஆகவே, சர்க்கார் துணை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் துணை என்ற பெயரில் இதுவரை நடந்திருப்பது என்ன என்று பார்த்தால், சீறி எழுகிற கூட்டத்தின் கோபத்தில் பாதி நியாயம் என்றே தோன்றுகிறது.

2019 செப்டம்பர் 20-ஆம் தேதி சரக்கு சேவை வரிக் கவுன்சில் கோவாவில் கூடியது. உல்லாசத்துக்குப் பேர்போன அந்தக் கோவாவில்தான்! சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆயிற்று. அதற்குக் கீழே இருந்த நடுத்தர அறைகளுக்கும் வரி குறைந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு அப்போது வரியே இல்லை. நல்லது.

2022 ஜூலை 18-ஆம் தேதி என்ன நடந்தது? அந்த ஆயிரம் ரூபாய் அறைக்கு இருந்த விலக்கை எடுத்துவிட்டு 12 சதவீதம் வரி போட்டார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி செஸ் ஒலிம்பியாட் தொடங்கி, மாமல்லபுரத்தின் பெயர் உலகமெல்லாம் ஒலித்தது. பத்து நாளுக்கு முன்புதான் அதே ஊரில் 900 ரூபாய்க்கு அறை எடுக்கும் குடும்பத்திடம் 108 ரூபாய் கூடக் கேட்கலாம் என்று சட்டம் ஆகியிருந்தது. 20,000 ரூபாய் அறையில் தங்குகிறவருக்கு 2,000 ரூபாய் குறைத்தாயிற்று. 900 ரூபாய் அறையில் தங்குகிறவருக்கு 108 ரூபாய் ஏற்றியாயிற்று. இரண்டுக்கும் இடையே மூன்று வருஷமும் ஒரு கொள்ளை நோயும்!

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன லாட்ஜுகளுக்கு இந்த வரி கிடையாது என்று சிலர் சட்டம் பேசுவார்கள். வாஸ்தவம். ஆனால் அறுபது அறை வைத்து, பஸ் நிலையத்துக்கு எதிரே, பள்ளிக்கூடச் சுற்றுலாவையும் கல்யாணக் கூட்டத்தையும் தங்கவைக்கிற லாட்ஜுக்கு அந்த எல்லை எத்தனை நாள் தாங்கும்? 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் பூஜ்யமாக இருந்தது ஐந்தாகியிருக்கிறது. பன்னிரண்டைப் பார்த்த கண்ணுக்கு அது சலுகையாகத் தெரிகிறது. வயிற்றில் அடித்துவிட்டுத் தடவிக் கொடுப்பது போலத்தான் இது.

இது எப்படி நேர்ந்தது? யாரும் வேண்டுமென்று ஏழைக்கு எதிராகச் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. விஷயம் அதைவிட எளிது. மகஜர் கொடுக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது, தெரியாதவனுக்குப் போய்விடுகிறது. பெரிய ஹோட்டல்காரர்களுக்குச் சங்கம் உண்டு. சங்கங்களுக்குக் கூட்டமைப்பு உண்டு. கூட்டமைப்புக்கு டில்லியில் ஆள் உண்டு. பட்ஜெட்டுக்கு முன்னால் அவர்கள் தூது போகிறார்கள். அது அவர்கள் உரிமை; தப்பே இல்லை. ஆயிரம் ரூபாய் அறைக்குக் கூட்டமைப்பு ஏது? அதில் தங்குகிற குமாஸ்தாவுக்கும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் டில்லியில் யார் இருக்கிறார்கள்?

எனக்கு ஆட்சேபம் வேறு இடத்தில். இப்படிப்பட்ட மகஜர்களின் முதல் பக்கத்தை யாராவது படித்திருக்கிறீர்களா? அங்கே வழிகாட்டி இருப்பார், படகோட்டி இருப்பார், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற பெண் இருப்பாள், இந்தத் தொழிலை நம்பிக் கோடிக்கணக்கான குடும்பங்கள் என்று உருக்கமான வாசகம் இருக்கும். கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். வேண்டுகோள்களில் வரிக் குறைப்பு இருக்கும், கடன் தவணை ஒத்திவைப்பு இருக்கும், உள்கட்டமைப்புத் தொழில் என்ற அந்தஸ்து இருக்கும். முதல் பக்கத்தில் வந்த பாத்திரக்காரப் பெண்ணைக் கடைசிப் பக்கத்தில் காண முடியாது. மாமல்லபுரத்துப் பூனையும் இப்படித்தான் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, எலிகள் கும்பிடுகின்றன.

2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், ஐம்பது முக்கியச் சுற்றுலா இடங்களை மாநிலங்களோடு சேர்ந்து வளர்ப்பது என்றும், அங்குள்ள ஹோட்டல்களை உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்ப்பது என்றும் அறிவித்தார்கள். நீண்ட காலக் கடன் எளிதாகக் கிடைக்க இது வழி. வீட்டிலேயே விருந்தாளிகளைத் தங்கவைக்கிறவர்களுக்கு முத்ரா கடன் என்றும் சொன்னார்கள். அது நல்ல யோசனை. ஆனால் இந்த ஐம்பது ஊர்களிலும் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு என்ன என்று கேட்டால், மறுபடியும் நம் பெரியவரின் ஒரு லட்ச ரூபாய்க் கடன்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கடன் திட்டத்தை அறிவித்தது 2021 ஜூன் 28-ஆம் தேதி. மத்திய அரசும் மாநில அரசுகளும் அங்கீகரித்த வழிகாட்டிகள் 10,700 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் வரை. பயண நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் வரை. ஈடு கேட்கவில்லை, சர்க்காரே ஜாமீன் நின்றது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அங்கீகாரச் சீட்டு உள்ளவர்களுக்குத்தான். உதகையில் குதிரையை நடத்திச் செல்கிறவரும், கடற்கரையில் சிப்பி மாலை விற்கிற அம்மாளும் எந்தச் சீட்டைக் காட்டுவார்கள்? அதே நாளில் இன்னொரு சலுகையும் வந்தது: முதல் ஐந்து லட்சம் வெளிநாட்டாருக்கு இலவச விசா, 2022 மார்ச் 31 வரைக்கும். வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? 2022 மார்ச் 27. நடுவில் சில மாதம் தனி ஏற்பாட்டு விமானங்களில் கொஞ்சம் பேர் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிற நேரத்தில் பாயசம் வந்த மாதிரிதான்.

"அப்படியானால் சர்க்காரால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடலாமே" என்பீர்கள். ஆகும் ஐயா, ஆகும்! நாமே கண்ணால் பார்த்தோம். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார். நம் பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு வரவேற்றார். அதற்கு முந்தைய சில வாரங்களில் அந்த ஊர் எப்படி மாறியது! சாலைகள் செப்பனிடப்பட்டன. குப்பை காணாமற் போயிற்று. சிற்பங்களுக்கு விளக்கு வந்தது. பணமும் ஆளும் எங்கிருந்தோ வந்தன. ஒரு விருந்தாளிக்காக முடிந்த காரியம், வருஷம் முழுவதும் வருகிற விருந்தாளிகளுக்காக ஏன் முடியக்கூடாது? அந்தச் சிற்பங்களைப் பார்க்க ஓர் அயல்நாட்டாருக்கு 600 ரூபாய் என்று 2018-இல் கட்டணம் உயர்ந்தது. 2021-22-இல், சர்க்கார் கணக்குப்படியே, தாஜ்மகாலை முந்திக்கொண்டு ஏறத்தாழ 1 லட்சத்து 45 ஆயிரம் வெளிநாட்டார் மாமல்லபுரத்தைப் பார்த்திருக்கிறார்கள். அறுநூறு ரூபாய் கொடுத்து வருகிற ஒரு ஸ்திரீ, சுத்தமான கழிப்பறையைத் தேடி ஹோட்டலுக்குத் திரும்பி ஓட வேண்டியிருந்தால், அவள் ஊருக்குப் போய் நம்மைப் பற்றி எழுதுவது பல்லவர் கலையைப் பற்றியா இருக்கும்?

பிரயாணிக்கு ராஜ்யம் துணை நிற்பது நமக்குப் புதிதும் அல்ல. மதுரையில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே மங்கம்மாள் சத்திரம். முந்நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட அந்த ராணி, சாலை போட்டு நிழல் மரம் வைத்து, நடுநடுவே சத்திரமும் கட்டினாள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகிற வழி நெடுகச் சத்திரங்களை நிறுத்தினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. வந்தவனுக்குச் சோறு, நோய் கண்டவனுக்கு வைத்தியம். சாதி பார்த்துப் பந்தி பிரித்த குறை அந்தக் காலத்துக்கு உண்டு. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ராஜாக்கள் ராஜாக்கள் தங்குவதற்குச் சத்திரம் கட்டவில்லை. நடந்து வருகிறவனுக்குக் கட்டினார்கள். பல்லக்கில் வருகிறவன் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்வான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுற்றுலாவுக்கு என்ன துணை வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்த ராஜநீதியைத்தான் சொல்வேன். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரி வேண்டாம்; 2022-இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றுலா ஊரிலும் முதல் செலவு கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும் விளக்குக்கும் பஸ்ஸுக்கும் இருக்கட்டும். விளம்பரப் பலகை பிறகு வரலாம். கட்டிடத் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் நல வாரியம் கண்ட மாநிலம் இது. வழிகாட்டிக்கும் குதிரைக்காரருக்கும் படகோட்டிக்கும், ஊர் மூடிக்கிடக்கும் காலத்தில் கடனாக அல்லாமல் கூலியாக ஒரு தொகை கிடைக்க வழி செய்ய முடியாதா? பெரிய ஹோட்டல்களுக்கும் சலுகை கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள்: கஷ்ட காலத்தில் சலுகை வாங்குகிற முதலாளி, கஷ்ட காலத்தில் வேலையாளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மகஜரின் முதல் பக்கத்தில் யார் பெயரைச் சொல்லிக் கேட்டாரோ அவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

துணை என்றால் கூட்டம் சேர்ப்பது என்றும் அர்த்தமில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வாகனங்களை மலை தாங்கவில்லை என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று எண்ணிக்கையும் வகுத்தது. மலையில் கடை வைத்திருப்பவர்கள் பிழைப்புப் போகிறதென்று கடையடைத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மலையும் பிழைக்க வேண்டும், மலையில் இருப்பவனும் பிழைக்க வேண்டும். ஆயிரம் காரைக் குறைத்துவிட்டு நூறு நல்ல பஸ்ஸை விட்டால் இரண்டும் நடக்கும். அதற்குச் சர்க்கார்தான் வேண்டும். எந்த ஹோட்டல்காரரும் பஸ் விட மாட்டார்.

கடைசியாக, நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் நான் 'இஷ்டப்பட்டதை'க் கொடுத்தேன். இருநூறு ரூபாய். தாராளமாகக் கொடுத்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். மத்தியானம் குளுகுளு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, வரியோடு சேர்ந்து வந்த பில்லைப் பேசாமல் கட்டினேன். பரிசாரகருக்குத் தட்டில் வைத்ததும் பெருமையாகத்தான் வைத்தேன். அந்த ஒரு வேளைச் சாப்பாடு, முப்பது வருஷத்துப் படிப்பைப் போல ஒன்பது மடங்கு பெற்றது. வழியில் காரில் என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, அந்தத் தாத்தாவுக்கு ஏன் கம்மியாக் குடுத்தே?" எனக்குப் பதில் வரவில்லை. பேரம் பேசத் தெரிந்த இடத்தில் பேரம், பில் கொடுக்கிற இடத்தில் மௌனம். நம் வீட்டு வழக்கமும் சர்க்கார் வழக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன.

அவர் மறுபடியும் பாறைக்கு வந்துவிட்டார். ஆனால் இரவில் காவல் வேலையை விடவில்லை. "எப்ப மறுபடி மூடுவாங்களோ, யாருக்குத் தெரியும் சார்?" என்றார். இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் வந்து பல்லவர் கதை சொல்கிறார். அவருக்கு மகஜர் எழுதத் தெரியாது. டில்லிக்கு வழியும் தெரியாது. எனக்கு எழுதுவது ஒன்றுதான் தெரியும். அவர் சார்பில் இதையே மகஜராக வைத்துக்கொள்ளட்டும்.